இருபது வயதுக் கோயில்

ஒரு கோயில். அதற்கு வயது 1,300 ஆண்டுக்கு மேல். ஆனால் அதன் கட்டிடத்துக்கு இன்னும் இருபது வயது ஆகவில்லை. இது என்ன கணக்கு?

ஜப்பான் நாட்டில் இசே என்று ஓர் ஊர் இருக்கிறது. மலையும் கடலும் அருகருகே உள்ள ஊர். இந்தக் கோயில் அங்கேதான் இருக்கிறது. இசே ஜிங்கூ என்பது அதன் பெயர். ஜப்பானியர் பலருக்கு வாழ்வில் ஒரு முறையாவது அங்கே போய்வர ஆசை. 2013-ஆம் ஆண்டில் மட்டும் 1 கோடியே 40 லட்சத்துக்கு மேல் ஆட்கள் வந்தார்கள்.

நகோயா என்ற பெரிய நகரத்தில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் இசே. கோயிலுக்குள் போகக் கட்டணம் கிடையாது. காலை 5 மணிக்கே திறந்துவிடுவார்கள்.

ஜப்பானின் பழைய சமயத்துக்கு ஷிண்டோ என்று பெயர். கடவுள்களின் வழி என்பது அதன் பொருள். இந்தச் சமயத்தை இன்னார் தொடங்கினார் என்று சொல்ல முடியாது. எல்லாரும் ஓத வேண்டிய ஒரே வேத நூலும் இல்லை. மலையில், ஆற்றில், மரத்தில், காற்றில் எல்லாம் தெய்வம் குடியிருக்கிறது என்று நம்புகிறார்கள். அந்தத் தெய்வங்களைக் காமி என்று அழைக்கிறார்கள். கோயிலில் பெரும்பாலும் சிலை இருக்காது.

இசேயில் உள்ளது ஒரே கட்டிடம் அல்ல. பெரிதும் சிறிதுமாக 125 கோயில்கள் உண்டு. அவற்றில் இரண்டு முக்கியம். ஒன்று வெளிக் கோயில். மற்றொன்று உள் கோயில். முதலில் வெளிக் கோயில், பிறகு உள் கோயில் என்று போவது பழைய வழக்கம். அந்த வழியிலேயே நாமும் போவோம்.

வெளிக் கோயில் ரயிலடிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நடந்தே போகலாம். அங்கே உள்ள தெய்வம் தொயோவுகே. உணவுக்கும் உழவுக்கும் உரிய பெண் தெய்வம்.

வாசலில் தண்ணீர்த் தொட்டி இருக்கும். முதலில் இடது கையைக் கழுவ வேண்டும். பிறகு வலது கை. பிறகு உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தி வாய் கொப்பளிக்க வேண்டும். ஷிண்டோ கோயில்களில் சுத்தம்தான் முதல் பூசை.

இந்தக் கோயிலில் தினமும் இரண்டு வேளை தெய்வத்துக்குச் சாப்பாடு படைக்கிறார்கள். தீப்பெட்டி வைத்து அடுப்பு மூட்டுவது இல்லை. கட்டையோடு கட்டையைக் கடைந்து தீ உண்டாக்குகிறார்கள். சோறு, மீன், கடல் பாசி, காய், பழம், உப்பு, தண்ணீர், அரிசியில் வடித்த மது ஆகியவற்றை வைக்கிறார்கள். அரிசி கோயிலின் சொந்த வயலில் விளைகிறது. உப்பும் கோயில் ஆட்கள் காய்ச்சியதுதான். மண் சட்டியில் படைப்பார்கள். ஒரு முறை படைத்த சட்டியை மறுபடி எடுப்பதில்லை. உடைத்து மண்ணில் புதைத்துவிடுவார்கள். மழை, புயல், போர் எது வந்தாலும் இந்தச் சமையல் நிற்பதில்லை. 1,500 ஆண்டாக நடப்பதாகக் கோயிலார் சொல்கிறார்கள்.

அங்கிருந்து உள் கோயிலுக்குப் பேருந்தில் போகலாம்.

உள் கோயிலில் இருப்பது சூரிய தெய்வம். அமாதெராசு என்று பெயர். இவளும் பெண் தெய்வம்தான். இவளைப் பற்றி ஒரு கதை உண்டு.

அமாதெராசுவுக்கு ஒரு தம்பி. அவன் முரடன். வயல் வரப்பை உடைத்தான். அக்காள் நெசவுக் கூடத்தில் ரகளை செய்தான். பொறுத்துப் பார்த்தாள் அக்காள். முடியவில்லை. கோபம் கொண்டு ஒரு குகைக்குள் போய்ப் பாறையால் வாசலை அடைத்துக்கொண்டாள். சூரியனே ஒளிந்தால் என்ன ஆகும்? உலகம் இருண்டது. மற்றத் தெய்வங்கள் கூடி யோசித்தன. சேவல்களைக் கொண்டுவந்து கூவ வைத்தன. ஒரு கண்ணாடியை மரத்தில் தொங்கவிட்டன. ஒரு பெண் தெய்வம் தலைகீழாகக் கவிழ்த்த தொட்டியின் மேல் ஏறி ஆட்டம் போட்டாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் இல்லாமல் இவர்களுக்கு என்ன சிரிப்பு என்று அமாதெராசு பாறையைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தாள். கண்ணாடியில் தன் ஒளியே தெரிந்தது. வியந்து முன்னால் வந்தாள். உடனே கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார்கள். உலகத்துக்கு வெளிச்சம் திரும்பியது.

அந்தக் கண்ணாடிதான் உள் கோயிலில் இருப்பதாக நம்பிக்கை. அதை யாரும் பார்ப்பது இல்லை.

உள் கோயிலுக்குப் போக இசுஸு ஆற்றைக் கடக்க வேண்டும். அதன் மேல் மரப் பாலம். 100 மீட்டர் நீளம். பாலத்தின் இரண்டு முனையிலும் மரத்தால் ஆன தோரண வாயில். இதைத் தோரீ என்கிறார்கள். வர்ணம் பூசாத வெறும் மரம். இந்த வாயில்களைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கு ஒரு முன்கதை இருக்கிறது.

பாலம் தாண்டினால் சரளைக் கல் பாதை. இரண்டு பக்கமும் வானம் தொடும் மரங்கள். சிலர் தொட்டியில் கழுவாமல் ஆற்றிலேயே இறங்கிக் கை கழுவுவார்கள். அதற்குக் கல் பாவிய படித்துறை உண்டு. தண்ணீர் அவ்வளவு தெளிவு.

கடைசியில் கல் படிகள் வரும். படி ஏறினால் மர வேலி. வேலி வாசலில் வெள்ளைத் திரை. அவ்வளவுதான். பொதுமக்கள் அதற்கு மேல் போக முடியாது. உள்ளே இன்னும் வேலிகள் இருக்கின்றன. நடுவில் கோயில். கூரையின் உச்சி மட்டும் மரங்களுக்கு இடையே தெரியும். படிக்கு மேலே படம் எடுக்கவும் கூடாது.

திரைக்கு முன்னால் நின்று இரண்டு முறை குனிந்து வணங்க வேண்டும். இரண்டு முறை கை தட்ட வேண்டும். மறுபடி ஒரு முறை குனிய வேண்டும். அது கொடு, இது கொடு என்று அங்கே கேட்பதில்லை. நன்றி சொல்லிவிட்டு வருவதே முறை என்பார்கள். காற்று அடித்தால் திரை சற்றே விலகும். அதற்காகக் காத்து நிற்பவர்களும் உண்டு. இதற்கா இத்தனை தூரம் வந்தோம் என்று சிலருக்குத் தோன்றும். தோன்றுவது நியாயம்தான்.

ஆனால் அந்த இடத்தில் பக்கவாட்டில் திரும்பிப் பார்க்க வேண்டும். கோயிலை ஒட்டி ஒரு காலி மனை இருக்கிறது. கோயில் நிற்கும் மனை எவ்வளவோ அதே அளவு. தரையில் கற்கள் பரப்பியிருக்கும். நடுவில் ஒரு சின்ன மரக் குடில் மட்டும் இருக்கும். இது வீணாகக் கிடக்கும் இடம் இல்லை. அடுத்த கோயில் அங்கேதான் வரப் போகிறது.

இசேயில் 20 ஆண்டுக்கு ஒரு முறை புதிய கோயில் கட்டுகிறார்கள். பழைய கோயில் நிற்கும்போதே பக்கத்து மனையில் அதைப் போலவே இன்னொன்று எழும்புகிறது. அளவு ஒன்று. வடிவம் ஒன்று. மரம் மட்டும் புதிது. வேலை முடிந்ததும் தெய்வத்தைப் புதிய வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். பிறகு பழையதைப் பிரித்துவிடுவார்கள். அந்த மனை காலியாகும். அடுத்த முறை அங்கே கட்டுவார்கள். இப்படியே மாறி மாறி நடக்கும்.

முதல் முறை நடந்தது 690-ஆம் ஆண்டில். அப்போது ஜிதோ என்ற பேரரசி ஆண்டாள். 2013-இல் நடந்தது 62-ஆவது முறை. அடுத்தது 2033-இல். அதற்கான முதல் சடங்குகள் 2025-இலேயே தொடங்கிவிட்டன.

ஏன் இந்தப் பாடு? மரம் 20 ஆண்டில் கெட்டுவிடுமா? ஜப்பானிலேயே ஹோரியூஜி என்ற புத்தக் கோயில் இருக்கிறது. அதுவும் மரக் கட்டிடம்தான். 1,300 ஆண்டாக நிற்கிறது. ஆனால் அங்கே தூண்கள் கல்லின் மேல் நிற்கின்றன. இசேயில் தூணை நேராக மண்ணில் குழி தோண்டி நடுகிறார்கள். கூரையைப் புல்லால் வேய்கிறார்கள். நெல் சேர்த்து வைக்கும் பழைய காலக் களஞ்சியத்தின் அமைப்பு அது. மண்ணில் நட்ட தூணின் அடி நாளடைவில் இற்றுப்போகும். புல் கூரையும் உளுத்துப்போகும்.

20 ஆண்டு என்று ஏன் வைத்தார்கள் என்பதற்குக் காரணம் எழுதி வைக்கப்படவில்லை. தெய்வம் இருக்கும் இடம் எப்போதும் இளமையாக இருக்க வேண்டும் என்கிறார்கள் சிலர். கைத்தொழில் அழியாமல் இருக்கத்தான் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டாவது காரணத்தை யோசித்துப் பாருங்கள். ஒரு பையன் 20 வயதில் தச்சு வேலைக்கு வருகிறான். பெரியவர்களுக்கு எடுபிடி வேலை செய்கிறான். அடுத்த கோயில் கட்டும்போது அவனுக்கு 40 வயது. இப்போது அவனே உளி பிடித்து முன்நின்று வேலை செய்கிறான். அதற்கும் அடுத்த கோயிலுக்கு வயது 60. அவர் மேஸ்திரி. சின்னப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். 50 ஆண்டுக்கு ஒரு முறை என்று வைத்திருந்தால்? கற்றவர் சொல்லிக் கொடுக்க உயிரோடு இருக்கமாட்டார்.

ஒரு முறை கோயில் கட்ட ஏறக்குறைய 10,000 மரங்கள் வேண்டும். ஹினோகி என்ற மரம். ஊசி இலை மரங்களில் ஒரு வகை. மணமுள்ளது. எளிதில் பூச்சி அரிக்காது. முதல் மரங்களைக் கிசோ என்ற மலைப் பகுதியில் வெட்டுகிறார்கள். வெட்டுவது கோடரியால். மூன்று பக்கத்தில் இருந்து அடிமரத்தைக் குடைந்துகொண்டே போவார்கள். நடுவில் வெற்றிடம் உண்டாகும். மரம் முக்காலி போல மூன்று காலில் நிற்கும். பிறகு ஒரு காலை வெட்டுவார்கள். மரம் சொன்ன பக்கம் சாயும். அதன் நுனிக் கிளையை ஒடித்து வெட்டிய அடிமரத்தின் மேல் நட்டு வைப்பார்கள். மலைக்கு நன்றி சொல்லும் முறை அது.

வந்த மரத்தை உடனே அறுப்பதில்லை. குளத்தில் போட்டு ஊற வைப்பார்கள். எண்ணெய்ப் பசை போகும். அப்புறம் எடுத்து உலர்த்தினால் மரம் வெடிக்காது. பெரிய கட்டைகளை அறுக்க இன்று எந்திரம் உண்டு. இழைப்பதும் பொருத்துவதும் கைவேலைதான்.

மரத்தைக் கோயிலுக்கு இழுத்து வருவது ஊர் மக்களின் வேலை. அது ஒரு பெரிய திருவிழா. கடந்த முறை 2006, 2007 ஆண்டுகளில் நடந்தது. நீண்ட வடம் கட்டி, பெரியவர் சிறியவர் எல்லாரும் கூவிக்கொண்டு இழுப்பார்கள். உள் கோயிலுக்கான மரத்தை ஆற்றில் இறங்கி இழுப்பார்கள். கட்டி முடிந்ததும் இன்னொரு விழா. ஒவ்வொருவரும் வெள்ளைக் கல்லைத் துணியில் ஏந்திவந்து புதிய கோயிலைச் சுற்றி வைப்பார்கள். வேலிக்கு உள்ளே போய்க் கோயிலைக் கிட்டத்தில் பார்க்க ஊர்க்காரர்களுக்கு அது ஒரு வாய்ப்பு. தவறவிட்டால் 20 ஆண்டு காத்திருக்க வேண்டும்.

கட்டிடம் மட்டும் புதிதாகச் செய்வதில்லை. தெய்வத்தின் உடை, வில், வாள், சேணம், தறி, கண்ணாடி என்று 1,576 பொருள்களையும் புதிதாகச் செய்கிறார்கள். இதில் ஒரு சிக்கல் வந்தது. ஒரு வாளின் கைப்பிடியில் டோக்கி என்ற பறவையின் இறகு இரண்டு வைக்க வேண்டும். நம் ஊர் அரிவாள்மூக்கன் இனத்தைச் சேர்ந்த பறவை அது. முன்பு ஜப்பான் வயல்களில் நிறைய இருந்தது. வேட்டையாலும் பூச்சி மருந்தாலும் குறைந்துபோனது. ஜப்பானில் பிறந்த கடைசி டோக்கி 2003-இல் இறந்தது. நல்ல வேளை, 1999-இல் சீனா ஒரு ஜோடியைக் கொடுத்திருந்தது. அந்த ஜோடியின் குஞ்சுகள் பெருகின. தொழில் தெரிந்த ஆள் இருந்தால் மட்டும் போதாது. பறவையும் இருக்க வேண்டும், மரமும் இருக்க வேண்டும்.

தெய்வம் இடம் மாறுவது இரவில். உள் கோயிலில் 2013 அக்டோபர் 2-ஆம் தேதி நடந்தது. விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டார்கள். ஒரு பூசாரி சேவல் போல மூன்று முறை கூவினார். குகைக் கதையில் வந்த சேவல்தான். பிறகு வெள்ளைப் பட்டுத் திரையால் நான்கு பக்கமும் மறைத்து, மெல்ல நடந்து, பக்கத்துக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

பிரித்த மரத்தை எறிந்துவிடமாட்டார்கள். பாலத்தின் இரு முனையிலும் இருக்கும் தோரண வாயில்களை நினைவில் வைக்கச் சொன்னோம் அல்லவா? அவை பழைய கோயில்களின் முகட்டைத் தாங்கிய தூண்கள். கோயிலில் 20 ஆண்டு நின்றவை, வாயிலாக இன்னொரு 20 ஆண்டு நிற்கின்றன. அதன் பிறகு வேறு ஊர்களில் வாயிலாகப் போய் நிற்கும். மற்ற மரங்கள் நாடு முழுவதும் உள்ள கோயில்களுக்குப் போகின்றன. 2011-இல் சுனாமி வந்து வடகிழக்கு ஜப்பானில் பல கோயில்கள் அழிந்தன. இசேயின் பழைய மரம் அங்கேயும் போனது.

இந்தச் சங்கிலி ஒருபோதும் அறாமல் வந்தது என்று நினைக்கக் கூடாது. அறுந்திருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் ஜப்பானில் உள்நாட்டுப் போர் மூண்டது. வரி வரவில்லை. உள் கோயிலை 1462-இல் கட்டினார்கள். அடுத்து கட்டியது 1585-இல். இடையில் 123 ஆண்டு. வெளிக் கோயிலுக்கு இடைவெளி இன்னும் அதிகம். 1434-க்குப் பிறகு 1563-இல்தான் கட்ட முடிந்தது. அதாவது 129 ஆண்டு. முன்பு கட்டிய தச்சர் ஒருவரும் அப்போது உயிரோடு இல்லை. அவருடைய பேரனும் இல்லை.

அதை மறுபடி தொடங்கி வைத்தவர்கள் யார் தெரியுமா? அரசர்கள் அல்ல. இரண்டு பெண் துறவிகள். அதிலும் அவர்கள் புத்த சமயத்துத் துறவிகள். செய்ஜுன் என்பவர் ஊர் ஊராக நடந்து பணம் திரட்டினார். முதலில் ஆற்றின் மேல் பாலம் கட்டினார். பிறகு 1563-இல் வெளிக் கோயில் எழும்பியது. அவருக்குப் பின் வந்த ஷூயோ மேலும் பணம் திரட்டினார். நாட்டை ஆண்ட தளபதிகளும் கொடுத்தார்கள். 1585-இல் இரண்டு கோயிலும் புதிதாக நின்றன.

கோயிலின் வடிவம் எப்படித் தெரிந்தது? 804-ஆம் ஆண்டிலேயே கோயிலின் அளவுகளையும் சடங்குகளையும் எழுதி வைத்திருந்தார்கள். கை மறந்ததை ஏடு ஓரளவு காப்பாற்றியது. ஓரளவுதான். இடைவெளிக்குப் பிறகு சில அமைப்புகள் மாறிவிட்டன என்று அறிஞர்கள் சொல்கிறார்கள்.

போர் ஓய்ந்த பிறகு மக்கள் கூட்டம் பெருகியது. அந்தக் காலத்தில் குடியானவர்கள் நினைத்த ஊருக்குப் போக முடியாது. அனுமதி வேண்டும். இசேக்குப் போகிறேன் என்றால் மட்டும் தடுக்கமாட்டார்கள். போகப் பணம்? ஊர்க்காரர்கள் சேர்ந்து சீட்டுப் போட்டார்கள். குலுக்கலில் யார் பெயர் வருகிறதோ அவர் எல்லாருக்காகவும் போய் வருவார். சில ஆண்டுகளில் கூட்டம் கட்டுக்கு அடங்காது. வேலைக்காரர்களும் பெண்களும் சிறுவர்களும் யாரிடமும் சொல்லாமலே புறப்பட்டுவிடுவார்கள். வழியில் இருந்தவர்கள் சோறு போட்டார்கள். 1830-இல் சில மாதத்தில் 40 லட்சத்துக்கு மேல் ஆட்கள் வந்ததாகக் கணக்கு. அப்போது நாட்டின் மக்கள்தொகையே சுமார் 3 கோடிதான். வர முடியாதவர்கள் கழுத்தில் காசைக் கட்டி நாயை அனுப்பியதும் உண்டு. வழிப்போக்கர்கள் அதற்குச் சோறு போட்டுக் கூட்டிப் போவார்கள். காசை யாரும் எடுக்கமாட்டார்களா என்று கேட்காதீர்கள். சில நாய்கள் நல்லபடியாக வீடு திரும்பின என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

கூட்டம் வந்தால் விறகு வேண்டும். சத்திரங்களில் சமைக்க, குளிக்க, கோயிலைச் சுற்றி உள்ள மலைக் காட்டை வெட்டினார்கள். மலை மொட்டையானது. பெரிய ஹினோகி மரங்கள் அதற்கும் முன்பே தீர்ந்திருந்தன. கோயிலுக்கான மரம் தொலைவில் உள்ள கிசோ மலையில் இருந்து வரத் தொடங்கியது. 1918-இல் இசுஸு ஆற்றில் பெரிய வெள்ளம் வந்தது. மழையைப் பிடித்து வைக்கக் காடு இல்லை. ஊர் மூழ்கியது. அப்போதுதான் விழித்துக்கொண்டார்கள். 1923-இல் ஒரு திட்டம் போட்டார்கள். கோயிலின் சொந்த மலையில் ஹினோகி வளர்ப்பது. அந்த மரம் தூணாக முதிர 200 ஆண்டு ஆகும். போட்டவர்கள் பார்க்க முடியாத திட்டம் அது.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. ஜப்பான் தோற்றது. 1949-இல் கட்ட வேண்டிய கோயில் தள்ளிப்போனது. பாலத்தை மட்டும் அந்த ஆண்டு புதுப்பித்தார்கள். கோயிலை 1953-இல்தான் கட்ட முடிந்தது. போருக்கு முன் அரசாங்கம் செலவு செய்தது. அதன் பிறகு அரசாங்கப் பணம் கிடையாது. மக்கள் கொடுக்கும் நன்கொடையும் கோயிலின் சொந்தப் பணமும்தான். 2013-இல் ஆன செலவு 5,000 கோடி யென்னுக்கு மேல். இவ்வளவு பணமா என்று முணுமுணுப்பவர்கள் ஜப்பானிலும் இருக்கிறார்கள்.

2013-இல் கட்டிய கோயிலுக்கு வேண்டிய மரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இசேயின் சொந்தக் காட்டில் இருந்து வந்தது. பல நூறு ஆண்டுக்குப் பிறகு இது முதல் முறை. அவை நடுத்தர மரங்கள். பெரிய தூணுக்கு இன்னும் கிசோ மலையைத்தான் நம்ப வேண்டும்.

இசே காட்டுக்குள் போனால் சில ஹினோகி மரங்களில் வெள்ளை வர்ணத்தில் இரண்டு வளையம் போட்டிருப்பதைப் பார்க்கலாம். நன்றாக, நேராக வளரும் மரம் என்று காட்டுக்காரர்கள் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை. சுற்றி உள்ள மரங்களை வெட்டி அவற்றுக்கு வெயில் விடுகிறார்கள். வளையம் போட்ட மரத்தில் கோடரி படுவது அடுத்த நூற்றாண்டில்தான்.